நிரம்பாத குழி

திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும். அவ்வளவு தெளிவு. புதன்கிழமை அதே குழாய், அதே டம்ளர், அதே ஜன்னல். ஆனால் தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும். முகர்ந்தால் ஈரத் துணியை மூடி வைத்த வாடை. வெள்ளிக்கிழமை முகர வேண்டிய வேலையில்லை, வாடையே தேடி வந்து சொல்லும். சனி, ஞாயிறில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, திங்கட்கிழமை மறுபடியும் கண்ணாடி.

தண்ணீருக்குக் கிழமை தெரியுமா?

எனக்குப் பதில் தெரியவில்லை. மற்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் அது இயல்பு. எனக்குத் தெரியாவிட்டால் அது பணியில் குறைபாடு. நான் ஊற்றுநீர்ப் பாதுகாப்பு வாரியத்தின் விளக்க அலுவலர்.

விளக்குவது எனக்கு வேலை மட்டுமல்ல, வியாதியும்கூட. கல்யாணமான புதிதில் மனைவியோடு முதன்முதலாக ரயிலில் போனபோது, வளைவில் சக்கரம் ஏன் தடம் புரள்வதில்லை என்பதை மூன்று நிலையங்கள் கடக்கும்வரை அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவோ தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. பக்கத்துல இருக்கறவளுக்குப் பசிக்கும்னு மட்டும் தெரியல" என்றாள்.

ஊற்று எப்படி வருகிறது என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மழை அதன் தலையில் விழுந்து மண்ணுக்குள் இறங்குகிறது. மண் நல்ல வடிகட்டி. அழுக்கைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் கீழே விடும். மண்ணுக்கு அடியில் பாறை, பாறையில் விரிசல்கள். விரிசல் எதையும் வடிகட்டாது. அது வெறும் தெரு. அதற்குள் எது இறங்கினாலும் அப்படியே நடந்து போய், அடிவாரத்தில் ஒரு கல்தொட்டியில் ஊற்றாக வெளியே வரும். அங்கிருந்து குழாய் வழியாக ஊர் முழுக்கப் போகும். மேலே மண் பத்திரமாக இருக்கும்வரை கீழே தண்ணீரும் பத்திரம். அவ்வளவுதான்.

இதைக் காட்ட என்னிடம் ஒரு மாதிரி மலை உண்டு. பஞ்சும் களிமண்ணும் வைத்து நானே செய்தது. கேக்கில் போடும் பச்சைச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து அதன் தலையில் ஊற்றினால், அடியில் இருக்கும் குட்டிக் குழாயில் பச்சையாக வழியும். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். "மேலே எது விழுந்தாலும் கீழே வரும்" என்று சொல்லி முடிப்பேன். இந்த வாக்கியத்தை ஆண்டுக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறையாவது நானே அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

எங்கள் வாரியம் முன்பு கடைத்தெருவில் ஒரு வாடகை மாடியில் இருந்தது. ஊற்றைப் பாதுகாக்கும் வாரியம் ஊற்றைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பது முறையா என்று ஒருநாள் தலைவருக்குத் தோன்றியது. முறையில்லை என்று அவரே கண்டுபிடித்தார். மலை உச்சியில் மரங்களை வெட்டி, மண்ணை வழித்து, வெறும் பாறைமேல் மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. வாசலில் "மரத்தையும் மண்ணையும் காப்போம்" என்று பெரிய பலகை. அதில் இருக்கும் எழுத்துகளின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

அலுவலகம் மேலே போனதும் நான் ஒரு நல்ல பழக்கத்தையும் தொடங்கினேன். ஊற்றுநீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிறவன் வீட்டில் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா? அதனால் வேலை நாட்களில் காலைக்கடனைக்கூட வீட்டில் முடிப்பதில்லை. அலுவலகம் போய்த்தான். மற்ற ஊழியர்களுக்கும் இதைப் பரிந்துரைத்தேன். பலர் பின்பற்றினார்கள்.

இதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்த காலத்தில்தான் பாப்பாவுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது.

பாப்பா எங்கள் ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. வியாழக்கிழமை ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இறால் மாதிரி சுருண்டுவிடுவாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுப்பு. கன்னம் ஒட்டிப்போய், சீருடைப் பாவாடையை ஊக்குப் போட்டு இறுக்க வேண்டியதாயிற்று. டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க தண்ணி குடிக்கறீங்க?"

"நல்ல கேள்வி மேடம். மலைமேல மழை விழுதுன்னு வெச்சுக்குங்க..."

"சார், ஒரு வார்த்தையில பதில் சொல்லுங்க."

"ஊற்று."

"மாத்துங்க" என்றார் டாக்டரம்மா. அதுவும் ஒரு வார்த்தைதான்.

மாற்றுவது சுலபமில்லை. எங்கள் வீட்டு வாசலில் "முன்மாதிரி இல்லம்: இவ்வீட்டார் ஊற்றுநீரை அப்படியே அருந்துகிறார்கள்" என்று வாரியம் ஒரு தகடு அடித்திருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சுவது ஊற்றின்மீது அவநம்பிக்கை காட்டுவதாகும் என்று வாரியத்தின் துண்டறிக்கை சொல்கிறது. நல்ல நடையில் எழுதப்பட்ட அறிக்கை. நான் எழுதியது. அதனால் என் மனைவி சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, ஏதோ கள்ளச் சாராயம் காய்ச்சுகிற மாதிரி தண்ணீர் காய்ச்சினாள். இருந்தும் வலி நிற்கவில்லை.

"வீட்ல காய்ச்சிக் குடுத்துடறேன். ஸ்கூல்ல என்ன பண்றது? விளையாடிட்டு வந்து குழாயைத் திறந்து கையால ஏந்திக் குடிக்கறா. எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்" என்றாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க மற்றவர்களிடம் "இப்பத் தெளிவா தெரியுதா?" என்று கேட்பவள். அன்று என்னிடம் கேட்டாள். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தண்ணி சரியாகலேன்னா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். ஸ்கூலும் அங்கயே. நீங்க உங்க களிமண் மலையைக் கட்டிக்கிட்டு இருங்க. தெளிவா இருக்கா?"

"உங்க அண்ணன் ஊர்ல ஆத்துத் தண்ணி. ஆத்துத் தண்ணியில பாத்தீன்னா..."

"விளக்காதீங்க."

மறுநாளே வாரியத்தில் முறைப்படி ஒரு புகார் கொடுத்தேன். நீரின் தரம் பற்றிய புகார்கள் எல்லாம் விளக்க அலுவலருக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. பிற்பகலில் அது என் மேசைக்கே வந்தது. படித்துப் பார்த்தேன். எழுதியவர் நியாயமாகத்தான் எழுதியிருந்தார், கொஞ்சம் நீளம். இருந்தாலும் ஒருவருக்காக நடைமுறையை மாற்ற முடியாதல்லவா? வழக்கமான பதிலை அனுப்பி வைத்தேன்: "தாங்கள் உணர்ந்த வாடை தங்கள் மூக்கு சார்ந்ததாக இருக்கக்கூடும்."

தபால் வீட்டுக்கு வந்தது. மனைவி உரக்க வாசித்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்து தர மேலாளரைப் போய்ப் பார்த்தேன். ஊற்றின் நீரைப் பரிசோதித்துச் சான்று தருகிறவர் அவர். அறைச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றுகள். எல்லாவற்றிலும் "மிகச் சிறப்பு."

"சார், எல்லாச் சான்றும் திங்கட்கிழமையா இருக்கே?"

"திங்கட்கிழமை விடியக்காலைல, ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி மாதிரி எடுக்கறோம். அப்பதான் ஊற்று அதோட இயல்புல இருக்கும். யார் தொந்தரவும் இருக்காது."

"புதன்கிழமை எடுத்துப் பாத்தா என்ன சார்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எடுக்காமயா இருப்போம்? ஒரு தடவை எடுத்தோம். முடிவு சரியா வரல. கிருமி நிறையக் காட்டுச்சு. நம்ம ஊற்றுல கிருமி கிடையாது. அப்ப கோளாறு எங்க? கருவியில. ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணச் சொன்னேன். அவன் பாத்துட்டு, கருவி நல்லாதான் இருக்குன்னுட்டான். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

"என்ன சார் புரிஞ்சுது?"

"கோளாறு கிழமையில. அதனால புதன்கிழமையை விட்டுட்டோம்."

அவர் மேசையில் கடையில் வாங்கிய கேன் தண்ணீர் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"பரிசோதிக்கறவன் நடுநிலையா இருக்கணும் இல்லையா?" என்றார்.

ஊரிலும் முணுமுணுப்பு கிளம்பியது. வேறு வீடுகளிலும் பிள்ளைகள் படுத்தார்கள். தலைவர் உடனடியாகச் செயலில் இறங்கி ஒரு குழுவை அமைத்தார். பெயர் தெளிவுக் குழு. நானும் அதில் உறுப்பினர். காலை முதல் மாலைவரை மலை உச்சியில் கூடினோம். பிரச்சினை பெரிது என்பதால் தேநீரும் பெரிய கோப்பையில் வந்தது.

முதல் நாள் முழுக்க ஒரு சொல்லைப் பற்றி விவாதித்தோம்.

"கலங்கல்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார் தலைவர். "அது எதிர்மறையா இருக்கு. முன்னாடி தண்ணியில வெறும் தண்ணி மட்டும்தான் இருந்துச்சு. இப்ப உள்ளடக்கம் கூடியிருக்கு. அப்படிப் பாக்கணும்."

தர மேலாளர், "வளமான நீர்னு சொல்லலாமா சார்?" என்றார்.

"அருமை. இதை விளக்க அலுவலர் நாளைக்கே மக்களுக்கு விளக்கணும்."

விளக்கினேன். மக்கள் என் விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, வளத்தைக் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் எனக்கு வினோதமாகப் பட்டது. குழு ஒருநாள் கூடினால் தண்ணீர் கொஞ்சம் கெட்டது. இரண்டு நாள் கூடினால் இன்னும் கெட்டது. அவசரக் கூட்டம், அதிஅவசரக் கூட்டம் என்று நாங்கள் அக்கறையைக் கூட்டக் கூட்ட, ஊரில் ஒவ்வொரு தெருவாகக் குழாயைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார்கள். இதை நான் கூட்டத்தில் சொன்னேன். ஆகவே அக்கறையின் அளவு இன்னும் போதவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். வெளியூர் வல்லுநர்களை அழைத்து மலை உச்சியில் ஒரு மாநாடு நடத்துவது என்று தீர்மானமாயிற்று. மாநாட்டின் இரண்டாம் நாள் காலை அடிவாரத் தொட்டியில் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஊற்றுநீரைக் குடித்துக் காட்டுவார்.

"சார், ஒரு சின்ன நெருடல்" என்றார் ஓர் உறுப்பினர். "அத்தனை பேருக்கு இங்க கழிவறை போதாதே?"

அப்போதுதான் எங்கள் பொறியாளர் எழுந்தார். அவரை நாங்கள் நிரம்பாக்குழியார் என்போம். மற்ற கட்டடங்களில் கழிவறைக் குழி நிரம்பும், லாரி வந்து உறிஞ்சி எடுக்கும். எங்கள் கட்டடத்தின் குழி நிரம்புவதே இல்லை. அதற்காக அவருக்கு வாரியம் கேடயம் கொடுத்திருக்கிறது. "இயற்கையே ஏற்றுக்கொள்ளும் அதிசயம்" என்று வாரிய மலரில் நானும் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன்.

"எத்தனை வேணும்னாலும் கட்டலாம் சார். குழி தாங்கும்" என்றார் நிரம்பாக்குழியார். "ஆபீஸ் வந்த நாள்ல இருந்து ஊத்தறோம், ஒரு சாண்கூட ஏறல. எல்லாரும் மண்ணுல தோண்டுவாங்க. நான் மண்ணையெல்லாம் வழிச்சுட்டு, பாறையில நல்ல அகலமான விரிசலாப் பாத்து, அதுக்கு மேலயே தோண்டினேன். அடியில சிமென்ட்கூடப் போடல. போன சாமான் திரும்பி வரவே வராது சார். அதுதான் தொழில் நுணுக்கம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினேன்.

ஒரே வாரத்தில் புதிய கழிவறைகள் வரிசையாக எழுந்தன.

மாநாட்டுக்கு முந்தின வாரம் என் மாதிரி மலையைப் புதுப்பிக்க வீட்டுக்கு எடுத்து வந்தேன். மலை உச்சியில் வாரியக் கட்டடத்தையும் சேர்க்கும்படி தலைவர் சொல்லியிருந்தார். தீப்பெட்டிகளை அடுக்கி மூன்று மாடி செய்து, சாயம் ஊற்றும் இடத்திலேயே ஒட்டினேன். தட்டையான இடம் அது ஒன்றுதான் இருந்தது. அன்று வியாழக்கிழமை. பாப்பா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள்.

"அப்பா, கலர் ஊத்துப்பா."

"வயிறு வலிக்குதே, தூங்கேன் கண்ணு."

"ஊத்தினா வலிக்காது."

ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் தீப்பெட்டிக் கூரையில் விழுந்து, நான்கு பக்கமும் வழிந்து, மலைக்குள் இறங்கி, அடியில் குட்டிக் குழாயில் சொட்டியது. தீப்பெட்டியின் பழுப்பும் சேர்ந்து கரைந்து வந்தது. பாப்பா வலியை மறந்து சிரித்தாள்.

"அய்ய, உன் ஆபீஸ் கரைஞ்சு வருது!"

"அது வேற ஒண்ணுமில்லடா. மேல எது விழுந்தாலும்..." என்று ஆரம்பித்தேன்.

வாசல்படியில் மனைவி நின்றிருந்தாள். கையில் பாப்பாவின் உடைகள். பெட்டியில் அடுக்குவதற்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸை வெள்ளையடிக்கறோம்னு கொஞ்ச நாள் மூடி வெச்சிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப இவளுக்கு ஒருநாளாவது வலிச்சுதா? வியாழக்கிழமை வந்துச்சு, போச்சு. ஓடி ஆடிக்கிட்டு இருந்தா. நான் சொன்னேன். தற்செயல்னா என்னன்னு ஒரு மணி நேரம் விளக்கினீங்க."

என் கையிலிருந்த சாயப் பாட்டில் சாய்ந்து பச்சையாகக் கால்சட்டையில் வழிந்தது.

ஃப்ளஷ் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிடியை அழுத்தினால் அடைப்பான் தூக்கிக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கும். மிதவைப் பந்து தாழ்ந்து புதுத் தண்ணீரைத் திறந்துவிடும். நிரம்பியதும் பந்தே மேலேறி அடைக்கும். எத்தனையோ பேருக்கு இதை ரசித்து ரசித்துச் சொல்லியிருக்கிறேன். "பிறகு எல்லாம் வெளியே போய்விடும்" என்று முடிப்பேன். என் விளக்கம் எப்போதும் அந்த "வெளியே" என்ற இடத்தில் கைகழுவிவிட்டு வந்துவிடும்.

வெளியே என்பது எது? பாறையில் ஒரு விரிசல். விரிசலுக்கு அடியில் கல்தொட்டி. தொட்டியிலிருந்து குழாய். குழாயின் முனையில், விளையாடிவிட்டு வந்து கையால் ஏந்திக் குடிக்கும் என் மகள்.

ஊரெல்லாம் சேர்ந்து கெடுத்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. வேலை நாள் தவறாமல், சிக்கனம் கருதி, நானும் என் பங்கைக் காலையில் கொண்டு போய் அங்கே செலுத்தியிருக்கிறேன். மற்றவர்களையும் அழைத்துப் போயிருக்கிறேன்.

"பெட்டியைக் கட்டாதே. மாநாடு முடியட்டும்" என்றேன்.

"ஏன்னு விளக்க மாட்டீங்களா?"

"இப்ப வேண்டாம்."

மனைவி பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள்.

தெரிந்ததை அப்படியே போய்ச் சொன்னால் வாரியம் அதை ஆராய ஒரு குழு அமைக்கும். குழு தேநீர் குடிக்கும். பிறகு நடக்கப்போவது உங்களுக்கே தெரியும். எனவே கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. மாநாட்டின் முதல் நாள் மாலை, வீட்டிலிருந்த சாயப் பாட்டில்கள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போய், பழைய கழிவறை, புதிய கழிவறை ஒன்று விடாமல் ஊற்றினேன். கேக்கில் போடுகிற சாயம்தான், கெடுதல் ஒன்றுமில்லை. வழக்கமான ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டதில், மாநாடு முடிந்த மறுநாள்தான் பச்சை அடிவாரத்துக்கு வந்து சேர வேண்டும். தலைவரைத் தனியே அழைத்து ஒரு டம்ளரில் காட்டி, பதமாக எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெளியூர் வல்லுநர்கள் அத்தனை பேரும் இரவெல்லாம் மாறி மாறிப் பிடியை அழுத்துவார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் கூடினால் முன்னால் போகும் தண்ணீர் விரைவாக நகரும். இதையும் நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை கல்தொட்டியைச் சுற்றிப் பந்தல். ஊரே திரண்டிருந்தது. தலைவர் குடித்ததும் தொடர்ந்து குடிப்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளைக் காகிதக் கோப்பையோடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வரிசையின் முன்பகுதியில் பாப்பா. கூட்டத்தில் மனைவி அவளை எட்டிப் பிடிக்க வழி தேடிக்கொண்டிருந்தாள்.

தலைவர் பேசினார்.

"இந்த ஊற்றுக்கு வாரியம் என்ன செஞ்சுதுன்னு சிலர் கேக்கறாங்க. நான் பெருமையாச் சொல்றேன். இந்த ஊற்றோட ஒவ்வொரு துளியிலயும் எங்க உழைப்பு கலந்திருக்கு. தலைவர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும், ஒவ்வொரு ஊழியரும் தினம் தினம் தன்னால முடிஞ்சதை இந்த ஊற்றுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். இனிமேலும் கொடுப்போம். யார் தடுத்தாலும் நிறுத்த மாட்டோம்!"

பலத்த கைதட்டல். குழாயைத் திறந்தார்கள். தலைவரின் கண்ணாடி டம்ளர் நிரம்பியது. பச்சை.

இளம்பச்சை அல்ல. நல்ல கிளிப் பச்சை. தலைவர் டம்ளரை உயர்த்தியபடியே அதைப் பார்த்தார். தர மேலாளர், "இன்னிக்கு புதன்கிழமை சார்" என்று அவர் காதில் சொன்னார். நிரம்பாக்குழியார் மலையைப் பார்த்தார். அதற்குள் பிள்ளைகளின் கோப்பைகளிலும் யாரோ ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"இது... ஊற்றோட சிறப்பு நிறம். இதை எங்க விளக்க அலுவலர் விளக்குவார்" என்று ஒலிபெருக்கியை என் கையில் திணித்தார் தலைவர்.

என்னிடம் விளக்கத்துக்கா பஞ்சம்? பாறையில் இருக்கும் செம்புத் தாது என்று சொல்லலாம். பாசி என்று சொல்லலாம். வெயில் தண்ணீரில் எப்படி உடைகிறது என்று தொடங்கினால் பிற்பகல்வரை போகலாம். நாக்கு நுனியில் எல்லாம் வரிசையாக நின்றன.

அப்போது பாப்பா என்னைப் பார்த்துக் கோப்பையை உயரத் தூக்கிக் காட்டினாள். முகமெல்லாம் பூரிப்பு. "அப்பா, நம்ம கலர்!" என்று கத்திவிட்டு வாயருகே கொண்டு போனாள்.

"குடிக்காதே! யாரும் குடிக்காதீங்க! இது எங்க ஆபீஸ் கக்கூஸ் தண்ணி!"

நான் இன்னும் பேசுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நேத்து மேல கக்கூஸ்ல நான் ஊத்தின சாயம் இது. இப்ப இங்க வருது. அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறிய விளக்கம். ஒருவர்கூடச் சந்தேகம் கேட்கவில்லை. மனைவி பாப்பாவின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். தலைவர் டம்ளரை ஏதோ தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக மேசையில் வைத்தார்.

"கொஞ்சம் நீளமாச் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.

உடனே மலை உச்சியில் அவசரக் கூட்டம். நான் முன்னதாகவே மேலே ஓடி, கழிவறைகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவிக்கொத்தைக் கூடவே ஏறி வந்த மனைவியிடம் கொடுத்துக் கீழே அனுப்பினேன். அவள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

கூட்டத்தில் பெரிய கோப்பையில் தேநீர் வந்தது. தர மேலாளர், மக்கள் திங்கட்கிழமை மட்டும் தண்ணீர் குடிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம் என்றார். நிரம்பாக்குழியார், மலையின் மறுபக்கம் இதைவிட அகலமான விரிசல் ஒன்று இருப்பதாகத் தெரிவித்தார். தலைவர் மூன்று துணைக் குழுக்களை அறிவித்து, அவற்றின் பெயர்களைப் பற்றி விவாதிக்கலாம் என்றார். இரண்டாவது சுற்றுத் தேநீர் வந்தது. ஒருவர் எழுந்து வெளியே போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். இன்னொருவரும் போய் வந்தார். கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தவர்கள் காலை மாற்றிப் போட்டார்கள்.

"சாவி எங்கப்பா?" என்றார் தலைவர்.

"கடைத்தெருவுல சார். என் வீட்டம்மாகிட்ட. ஆபீஸைக் கீழ மாத்தற தீர்மானத்தைப் பாத்தாதான் தருவாங்களாம்."

"அப்ப நாங்க எல்லாம் எங்க போறது?"

"நம்ம பழைய ஆபீஸ் மாடியில ஒண்ணு இருக்கு சார். ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம். அங்க போனா யார் வாய்க்கும் போகாது."

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மலையிலிருந்து கடைத்தெருவுக்கு எவ்வளவு தூரம் என்பது எல்லோருக்கும் தெரியும். "யாராவது எதிர்க்கறீங்களா?" என்றார். யாரும் எதிர்க்கவில்லை, பேசினாலே ஆபத்து என்ற நிலையில் இருந்தார்கள். "அப்ப எழுதுங்க, சீக்கிரம்" என்று நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். மை காயும் முன் வாரியம் முழுவதும் மலையிலிருந்து இறங்கி ஓடியது. வாரிய வரலாற்றில் ஒரே கூட்டத்தில் முடிவான விஷயம் இது ஒன்றுதான்.

தீர்வு இதுதான். மலை உச்சியில் இருந்த கழிவறைகளை மூடினோம். குழியில் மிச்சமிருந்ததை லாரி வைத்துக் காலி செய்து, விரிசலைக் களிமண்ணால் அடைத்து, வழித்த மண்ணைத் திரும்பக் கொட்டிப் புல் வைத்தோம். கல்தொட்டியையும் குழாய்களையும் மருந்து போட்டுக் கழுவினோம். தண்ணீர் தேறும்வரை பள்ளியில் காய்ச்சிய தண்ணீர் கொடுத்தோம். அலுவலகம் கடைத்தெரு மாடிக்கே திரும்பியது. அங்கே கழிவறைக்கு அடியும் பக்கமும் சிமென்ட் பூசிய தொட்டி கட்டியிருக்கிறோம். அது நிரம்பும். நிரம்பினால் லாரி வரும். நீர் மாதிரியைப் புதன்கிழமையும் எடுக்கிறோம். பாப்பா வியாழக்கிழமைகளில் பள்ளிக்குப் போகிறாள். ஊற்றுக்கு மேலே கழிவறை கட்டக் கூடாது, கீழே கட்ட வேண்டும்.